உள்வளத்தால் உயர்ந்த மேட்டுப்பாத்தி

மனிதன் நெருப்பை மூட்டியதும் சக்கரத்தை உருட்டியதும் பெரிய காரியங்கள்தாம். ஆயினும், மண் தரையில் கிடக்கக் கூடாது என்று அவன் முடிவெடுத்த நாளுக்கு அவை ஈடாகமாட்டா. அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில், குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் வீட்டு முன்னறையில், தேநீர் ஆறிக்கொண்டிருந்த வேளையில் வந்தது.

முன்னேற்றம் அந்தச் சங்கத்துக்குப் புதியதன்று. ஈராண்டுகளுக்கு முன், 'செருப்பில் சேறு ஒட்டுகிறது' என்னும் கொடுமைக்கு முடிவுகட்ட, வளாகத்தின் வெற்றுத் தரை முழுவதற்கும் அது சிமென்டுத் தளம் போட்டது. பின்சுவரை நெருங்கும்போது சிமென்டு தீர்ந்தது. சங்கத்தின் பணமும் ஒற்றுமை கருதி அதே நாளில் தீர்ந்தது. மோட்டார் அறையை ஒட்டி, ஒரு கார் நிற்குமளவு இடம் மட்டும் நாகரிகம் எட்டாமல் மிஞ்சியது. அதில் கட்டடக் காலத்து உடைந்த செங்கல்லும் ஓட்டுச் சில்லும்தாம் இருந்தன. செயலாளரின் மனைவி அவற்றைப் பொறுக்கி எறிந்து, காய்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் போட்டுப் போட்டு, அதை மண்ணாக்கியிருந்தார். இப்போது அங்கே தக்காளி சிவந்திருந்தது. அவரை கம்பில் ஏறிப் பூத்திருந்தது. சங்கம் இதைப் பெருந்தன்மையோடு கண்டுகொள்ளாமல் இருந்தது.

செயலாளரைக் குடியிருப்பில் எல்லோரும் 'திருத்தம்' என்றே அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனமொன்றில், பிறர் எழுதும் வரைவுகளைப் படித்துச் செம்மைப்படுத்துவது அவர் வேலை. எந்தத் தீர்மானத்தையும் அது பிறந்த கோலத்திலேயே போகவிட அவருக்கு மனம் வராது. அவருடைய திருமண அழைப்பிதழோடு பிழைதிருத்தச் சீட்டு ஒன்றும் வந்ததாகச் சொல்வார்கள்; அது வதந்தி. சீட்டுகள் இரண்டு வந்தன.

அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, ஆபத்து வரும்போது தம் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பது அவர் தொழில். பல ஆண்டுப் பழக்கத்தில் அந்த வலது கால் வீட்டுக்கும் வந்துவிட்டது. கணவர் பேசத் தொடங்கினால் சில சமயம் அது தானாகத் தரையை அழுத்தும்.

கூட்டத்தில் பல் டாக்டர் கைப்பேசியை நீட்டிக் காட்டினார். இரண்டாம் தளத்தில் குடியிருக்கும் அவர், உலகில் புதிதாக எது வந்தாலும் முதலில் பார்த்துவிடுபவர்.

"மேட்டுப்பாத்தி, சார். பெட்டி மாதிரி கட்டி மண்ணு போடறது. குனியவே வேண்டாம். நின்னுக்கிட்டே தோட்டம் போடலாம்."

"குனிஞ்சா என்ன ஆகும்?" என்றார் தலைவர். அவர் ஓய்வுபெற்ற தணிக்கையாளர். எதையும் விசாரிக்காமல் ஏற்கமாட்டார்.

"இடுப்பு போயிடும்."

"இப்ப நம்மள்ல யாரு குனியறா?"

"யாருமில்ல. தோட்டம்னு ஒண்ணு வந்தா குனிய வேண்டிவரும். அதைத்தான் தடுக்கறோம்."

இல்லாத தோட்டத்தால் வரவிருந்த இடுப்புவலி இவ்வாறு முறியடிக்கப்பட்டது. அவையினர் தம் இடுப்பைத் தடவிக்கொண்டு நிம்மதியடைந்தனர்.

"சங்கத்துல பணம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்," என்றார் பொருளாளர். கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருப்பவர் அவர். "எல்லாம் சிமென்ட்டுல போயிடுச்சு."

"பணமே வேண்டாம்ங்கறதுதான் இதுல விசேஷம். சுத்தி நிக்கவைக்கப் பழைய கதவு போதும். அடியில பாதி வரைக்கும் மரக்கட்டை, காஞ்ச கிளை, சருகு, அட்டைப்பெட்டி. அதெல்லாம் மக்கி உரமாயிடும். மேல கொஞ்சூண்டு மண்ணு."

"ஆக, வேண்டாததை எல்லாம் உள்ள போட்டு, மேல நல்லதா கொஞ்சம் போட்டு மூடிடறோம்."

"அவ்வளவேதான்."

"தணிக்கையில நான் இதைப் பல இடத்துல பாத்திருக்கேன்," என்றார் தலைவர். "நல்லா நிக்கும்."

தீர்மானம் வரையப்பட்டது: 'ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மக்கக்கூடிய நிரப்புப் பொருள் பெறப்படும்.' செயலாளர் கையை உயர்த்தினார். எல்லோரும் தேநீரைக் கீழே வைத்தார்கள்.

"ஒரு திருத்தம். 'மக்கக்கூடிய'ங்கறது தேவையில்லாத சொல். காலப்போக்குல எதுதான் மக்காது? 'நிரப்புப் பொருள்'னு இருந்தாப் போதும். அப்புறம், சிக்கனம்னு சொல்லிட்டு மண்ணை விலைக்கு வாங்கினா தீர்மானத்துக்கே இழுக்கு. 'மண் வெளியிலிருந்து வாங்கப்படாது. வளாகத்தின் உள்வளத்திலிருந்தே பெறப்படும்'னு சேத்துக்கலாம்."

'உள்வளம்' என்ற சொல்லைக் கேட்டதும் அவையில் ஒரு சிலிர்ப்பு ஓடியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் ஓய்ந்த பிறகு பொருளாளர்தாம் கேட்டார்:

"ஆமா, வளாகத்துல மண்ணு எங்க இருக்கு?"

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிமென்டு பளபளத்தது. அதன் கடைசியில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில், செயலாளரின் மனைவி அவரைக்கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். குனிந்துதான் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க," என்றார் பல் டாக்டர் உள்ளம் உருகி. "அவங்க இடுப்பை நினைச்சாவது நாம இதைச் செஞ்சாகணும்."

அன்று மனைவி கைகழுவிவிட்டு வரும்வரை செயலாளர் காத்திருந்தார். கெட்ட செய்தியை நல்ல நடையில் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை.

"கூட்டத்துல என்ன முடிவு?" என்றார் மனைவி.

"வளாகத்தின் உள்வளங்களை ஒருங்கிணைக்கறதா முடிவாயிருக்கு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"உன் மண்ணை எடுக்கறாங்க."

வலது கால் தரையை அழுத்தியது.

"யாரு சொன்னது?"

"ஏகமனதா."

"அந்த ஏக மனசு யாரோடது?"

"தீர்மானத்துல ஒரு திருத்தம் வந்துச்சு..." என்று தொடங்கிய செயலாளர், மின்விசிறியைக் கூர்ந்து நோக்கினார். மனைவி அதற்குமேல் விசாரிக்கவில்லை. அந்தக் குடியிருப்பில் திருத்தம் என்றால் வேறு யாரிடமிருந்தும் வராது.

"ஒவ்வொரு செங்கல்லா பொறுக்கினேன். நகம் போச்சு. டிரைவிங் ஸ்கூல்ல எல்லாரும் குடிச்ச டீயோட சக்கையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டு வந்து போட்டேன். அவரை இப்பத்தான் பூ விட்டிருக்கு. காய் எடுக்கற வரைக்குமாவது பொறுக்கச் சொல்லுங்க."

"அதுக்கு மறு தீர்மானம் வேணுமே."

"என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா உங்களுக்கு?"

"கேக்கணும்னு விதியில எங்கயும் இல்ல. பொது இடம் அது."

"செங்கல்லா கெடந்தப்ப யாரும் அதைப் பொது இடம்னு சொல்லலையே."

செயலாளர் இதற்கு ஒரு பதிலை மனத்துக்குள் எழுதிப் பார்த்து, கோடிட்டு அடித்தார்.

"நேத்து வண்டி ஓட்ட வந்த பொண்ணு கூட, திரும்பறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாக்குது," என்றார் மனைவி. "நீங்க மட்டுந்தான் பின்னால யாரு இருக்காங்கன்னு பாக்காமயே திருப்பறீங்க."

மறுநாள் மனைவி வேலைக்குப் போய்த் திரும்பியபோது பள்ளம் இருந்தது. சங்கம் அநாகரிகமாக நடந்துகொள்ளவில்லை. பிடுங்கிய செடிகளை உயர வரிசைப்படி சிமென்டில் கிடத்தியிருந்தது. அவரைக்கொடி கடைசியில் கிடந்தது, பூவோடு. மனைவி பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகளைக் கொண்டுவந்து பள்ளத்தின் இருபுறமும் வைத்தார்.

"இது எதுக்கும்மா?" என்றார் தலைவர்.

"யாராவது விழுந்துடக் கூடாதில்ல சார்."

"நல்ல எண்ணம்," என்று பாராட்டிவிட்டுத் தலைவர் சுற்றிக்கொண்டு போனார்.

வாயிற்கதவுக்கு உள்ளே, வருவோர் எல்லோரும் காணும் இடத்தில், பாத்தி எழுந்தது. தலைவர் வீட்டுப் பழைய கதவுகளே அதன் நான்கு சுவர்கள். சிக்கனம் கருதித் தாழ்ப்பாளையோ கைப்பிடியையோ கழற்றவில்லை. முன்பலகையில் வருபவரைப் பார்க்கும் சின்னக் கண்ணாடித் துளையும் அப்படியே இருந்தது. செடிக்குப் பாதுகாப்பு என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது.

நிரப்புப் பொருள்கள் வந்து குவிந்தன. வளாகத்தின் ஒரே மரம் உதிர்த்த சருகை யாரோ ஒரு கூடையில் அள்ளிவர, தலைவர் முகம் சுளித்தார். "குப்பையெல்லாம் கொண்டுவராதீங்க. இது தோட்டம்." சருகு குப்பை வண்டியில் ஏறிச் சென்றது. மற்றவர்கள் வாயைக் கட்டிய சாக்குகளில் கண்ணியமாகக் கொண்டுவந்தார்கள். தலைவருடைய சாக்கு கனமாக இருந்தது. உள்ளே எதுவோ சுழன்றது. பல் டாக்டருடையது கலகலத்தது. பொருளாளருடையது, பார்க்கப் பெரிது, தூக்க இலேசு. 'உள்ளே என்ன?' என்று கேட்பது கொடையாளியை அவமதிப்பதாகும் என்பதால், ஒவ்வொருவரும் செயலாளரின் காதில் மட்டும் சொன்னார்கள். நன்றியுரை அவர் பொறுப்பு. சாக்குகளின்மேல் அட்டையை விரித்து, அதன்மேல் மனைவியின் கரிய மண்ணைப் பரப்பி, கடையில் வாங்கிய பூச்செடிகளை நட்டார்கள்.

திறப்பு விழாவில் செயலாளர் கையில் தாள் இன்றிப் பேசினார். பல நாள் கண்ணாடி முன் நின்று செதுக்கிய உரை அது. ஓர் அசையும் வழுவவில்லை.

"தம் உடலுறுதிக்குத் துணைநின்றதைப் பாத்தியின் உறுதிக்காக வழங்கிய தலைவர் அவர்களுக்கும், நூற்றுக்கணக்கானோர் புன்னகையைப் பாத்தியின் அடித்தளமாக்கிய பல் டாக்டர் அவர்களுக்கும், பிறர் அடியெடுத்து வைக்கத் தாம் காத்துவந்தவற்றைத் துறந்த பொருளாளர் அவர்களுக்கும், இறுதியாக, மண்ணை மனமுவந்து வழங்கிய செயலாளர் குடும்பத்தார்க்கும் நன்றி."

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. 'குடும்பத்தார்' என்று சொன்னபோது செயலாளர் கூட்டத்தின் பின்பக்கம் பார்த்தார். மனைவி அங்கே நின்றிருந்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. செருப்பு மட்டும் சிமென்டை அழுத்திக்கொண்டிருந்தது.

"நல்லா பேசினேனா?" என்றார் செயலாளர் வீட்டில்.

"நல்லா பேசினீங்க. மண்ணு எப்ப திரும்ப வரும்?"

"அது இப்ப மேட்டுப்பாத்தியோட அங்கம்."

"விதைக்கற காலம் வருது. அந்தப் பள்ளத்துல எதை விதைக்க?"

செயலாளர் அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார். அடுத்த கூட்டத்தில் அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மனைவியோ, யாரிடமும் எதுவும் சொல்லாமல், மறுபடியும் பள்ளத்தில் காய்கறித் தோலைப் போடத் தொடங்கினார்.

பிறகு மழை பெய்தது. பாத்தி சற்றே தாழ்ந்தது.

"வேர் பிடிக்குது," என்றார் தலைவர்.

மீண்டும் பெய்தது. பூச்செடிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து துக்கம் விசாரித்துக்கொண்டன.

"செட் ஆகுது," என்றார் பல் டாக்டர்.

மூன்றாம் மழையில் மண் பலகையின் பாதிக்குக் கீழே போயிற்று. வெயில் வந்ததும் பாத்தியில் முதல் முளை தென்பட்டது. அது ஒரு பெடல். அதற்கடுத்த வாரம் அதன் அருகே ஒரு பல் வரிசை முளைத்தது. பொட்டலம் கொடுக்க வந்த ஒருவர் கதவுத் துளையைக் கண்டு, ஆர்வத்தோடு குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்காமல் போய்விட்டார்.

சங்கம் பதறவில்லை, கூடியது. மேலே இன்னும் மண் போட்டு மூடிவிடுவது என்று ஒருமித்த கருத்து நிலவியது. மண் எங்கே என்ற கேள்விக்கு இம்முறை யாரும் சன்னலைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தலாம்," என்றார் பொருளாளர். "அடியில நல்ல மண்ணு இருக்கு. அவங்க தோலு வேற போட்டு வெச்சிருக்காங்க. கறுப்பா இருக்கு."

"உள்வளம் பெருகியிருக்கு," என்று தலைவர் நெகிழ்ந்தார். "செயலாளர் சார், தீர்மானம் எழுதுங்க. ஏதாவது திருத்தம் உண்டா?"

செயலாளர் வாய் திறக்குமுன் கதவு திறந்தது. அவர் மனைவி வந்து காலியாக இருந்த நாற்காலியில் அமர்ந்தார். அது செயலாளருக்குப் பக்கத்து இருக்கை.

"எடுத்துக்கங்க," என்றார் அவர்.

எல்லோரும் திகைத்தார்கள். எதிர்ப்பைச் சமாளிக்கத் தயாராக வந்தவர்களுக்குச் சம்மதம் பெரிய இடையூறு.

"ஆனா டாக்டர் சொன்னாரே, அடியில போட்டது மக்கி உரமாயிடும்னு. அது ஆயிருந்தா என் மண்ணே தேவைப்படாதே. மேல போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை தோண்டிப் பாத்துடலாம்."

"தோண்டினா வேருக்குத் தொந்தரவு," என்றார் பல் டாக்டர் அவசரமாக.

"எந்த வேருக்கு?"

பல் டாக்டர் யோசித்தார். பல்லைப் பிடுங்கும்போது அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

எல்லோரும் கீழே இறங்கினார்கள். மனைவி மண்வெட்டியை எடுத்து மண்ணை ஒருபுறம் ஒதுக்கினார். மழையில் கரைந்த அட்டை கூழாக வந்தது, சாக்குகள் கிழிந்து வந்தன. அவற்றுள் இருந்த எதுவும் மக்கியிருக்கவில்லை. செயலாளரின் 'காலப்போக்கு' இன்னும் வந்துசேரவில்லை. முதலில் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று, சங்கிலி துருவேறி, எழுந்தது. அதையடுத்துப் பல் அச்சுகள் வெளிப்பட்டன: மேல்வரிசையும் கீழ்வரிசையுமாக, வெள்ளைச் சுண்ணப் பற்கள், குவியல் குவியலாக, மண்ணோடு சிரித்துக்கொண்டு. கடைசியில் காட்சிப்பெட்டியில் வைத்து வெளுத்துப்போன செருப்புகள், எல்லாம் இடது கால்.

அவற்றைச் சிமென்டில் வரிசையாக வைத்தார்கள்.

"யாரு போட்டிருப்பா இதெல்லாம்?" என்றார் தலைவர், சைக்கிளைப் புதிதாகப் பார்ப்பவர்போல்.

"வெளியாளுங்கதான்," என்றார் பொருளாளர். "வாசல் கேட்டு திறந்தே கெடக்குது. ஆள் இல்லாத நேரம் பாத்து வந்து கொட்டிட்டுப் போயிருக்கான்."

"இவ்வளவு பல்லையா?" என்றார் பல் டாக்டர் அருவருப்போடு. "எப்படிப்பட்ட மனுஷன்."

"கேட்டுல கேமரா வைக்கணும்," என்றார் பொருளாளர்.

"கண்டனத் தீர்மானம் ஒண்ணும் போட்டுடலாம்," என்றார் தலைவர். "செயலாளர் சார், நீங்க வாசகத்தைச் சொல்லுங்க. 'வெளியாட்களின் அத்துமீறலை...'"

செயலாளர் அந்தச் சிரிக்கும் பற்களைப் பார்த்தார். 'அத்துமீறல்' நல்ல சொல்தான். ஆனால் அதற்கு எழுவாய் பொருந்தவில்லை. அவர் திரும்பினார், திரும்புமுன், வாழ்வில் முதன்முறையாக, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். மனைவி மண்வெட்டியை ஊன்றி நின்றிருந்தார்.

"என்னங்க," என்றார் மனைவி. "அன்னிக்கு ஒரு நன்றியுரை சொன்னீங்களே. இன்னொரு தடவை சொல்லுங்களேன். பொருளெல்லாம் கண்ணு முன்னாடி இருக்கு, இப்ப இன்னும் நல்லா புரியும்."

"இப்ப எதுக்கும்மா அது?" என்றார் தலைவர்.

செயலாளர் மனைவியின் காலைப் பார்த்தார். அது எதையும் அழுத்தாமல் சும்மா இருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தம் உடலுறுதிக்குத் துணைநின்றதைப் பாத்தியின் உறுதிக்காக வழங்கிய தலைவர் அவர்களுக்கும்..."

எல்லோர் கண்களும் சைக்கிளுக்குப் போய், தலைவரிடம் திரும்பின.

"...நூற்றுக்கணக்கானோர் புன்னகையைப் பாத்தியின் அடித்தளமாக்கிய பல் டாக்டர் அவர்களுக்கும்..."

"போதும் சார்," என்றார் பல் டாக்டர்.

பயனிலை வருமுன் வாக்கியத்தை நிறுத்தும் பழக்கம் செயலாளருக்கு இல்லை. "...பிறர் அடியெடுத்து வைக்கத் தாம் காத்துவந்தவற்றைத் துறந்த பொருளாளர் அவர்களுக்கும்..."

பொருளாளர் தம் கால்களை, இரண்டு கால்களையும், உள்ளுக்கிழுத்துக்கொண்டார். அன்று கைதட்டிய அதே உரைதான். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"...இறுதியாக," என்ற செயலாளர் நின்றார். "இங்க ஒரு திருத்தம்."

வழக்கம்போல் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

"'மண்ணை மனமுவந்து வழங்கிய செயலாளர் குடும்பத்தார்க்கும்'னு இருக்கறதை எடுத்துடுங்க. அதுக்குப் பதிலா, 'தம்முடையதல்லாத மண்ணைக் கேட்காமல் எடுத்துக்கொடுத்த செயலாளருக்கும்'னு சேத்துக்குங்க. குடும்பத்தாருக்கு அதுல சம்பந்தமில்ல."

மனைவி மண்வெட்டியைக் கணவர் கையில் கொடுத்தார். பள்ளத்தின் வழியை மறித்திருந்த கூம்புகளில் ஒன்றை எடுக்கப் போனார்.

சங்கத்தின் வரலாற்றில் யாரும் வழிமொழியாமலே நிறைவேறிய திருத்தம் அது ஒன்றுதான். குனியவே வேண்டாத தோட்டத்தைக் கண்டறிந்த அந்த வளாகத்தில், செயலாளர் பாத்தி மண்ணைத் திருப்பி அள்ளக் குனிந்தார். சங்கத்தின் மற்றப் பொறுப்பாளர்களும் உடன் குனிந்தார்கள். இடுப்பின் நலம் கருதி, தலையை மட்டும்.